பத்தாவது பாஸ், வயது இரண்டு கூட

நாற்பத்தோரு வயதில் இயற்கணிதம் படிக்க உட்காருகிறவளுக்குத் தலைவலி எந்த இடத்தில் ஆரம்பிக்கும் என்று கேட்டால் நான் தொட்டுக் காட்டுவேன். வலது புருவத்துக்குச் சற்று மேலே. தென்காசியில் ஒரு செல்போன் கடையின் மேல்மாடியில், தகரக் கூரைக்கு அடியில், சாயங்காலம் ஐந்தேகாலுக்கு வகுப்பு. அதற்குள் நான் எழுந்து பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பலகையில் எக்ஸ் என்று எழுதும்போதே எனக்குக் கண் சொக்கும். பக்கத்தில் இருப்பவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று நோட்டைக் குனிந்து பார்ப்பதுபோல இரண்டு நிமிஷம் தூங்கிக்கொள்வேன்.

நான் அங்கன்வாடி உதவியாளர். அது அரசாங்கக் காகிதத்தில் உள்ள பெயர். ஊரில் இன்றைக்கும் பால்வாடி என்றுதான் சொல்வார்கள், என்னை ஆயா என்பார்கள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் மையம். கூட்டிப் பெருக்கி, தண்ணீர் பிடித்து, வராத பிள்ளைகளை வீடு வீடாகப் போய்த் தூக்கி வந்து, சத்துமாவு உருட்டிக் கொடுத்து, சோறு பொங்கி, முட்டை அவித்து உரித்து, ஊட்டி, கால் கழுவி, தூங்க வைத்து, பாத்திரம் தேய்த்துக் கவிழ்ப்பது என் வேலை. பதிவேடு எழுதுவது, பிள்ளைகளை எடை போட்டு செல்போனில் ஏற்றுவது, மீட்டிங் போவது, பாட்டும் கதையும் சொல்லிக் கொடுப்பது பணியாளர் வேலை. அவரை டீச்சர் என்பார்கள். எங்கள் டீச்சருக்கு இரண்டு காலிலும் முட்டுவலி. அதனால் பாட்டும் என் தலையில்தான். குனிந்து நிமிர்ந்து, யானை மாதிரி ஆடிக் காட்டி, தொண்டை கட்டிப்போகும்வரை பாடிவிட்டு அப்புறம் போய் அடுப்பைப் பற்றவைப்பேன். இப்படிப் பதினான்கு வருஷம்.

அந்த டீச்சருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம்தான் இருந்தது. உதவியாளர் பத்தாம் வகுப்பு தேறியிருந்தால் அந்த இடத்துக்கு வரலாம். நான் ஒன்பதாவதில் நின்றவள். தேறாவிட்டால் வெளியிலிருந்து புதிதாக ஒரு பெண் வருவாள். அவளுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். நான் அவளை டீச்சர் என்பேன், அவள் என்னை ஆயா என்பாள். அவள் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் யானை மாதிரி ஆடிக் காட்ட வேண்டும். இதை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

டீச்சரேதான் என்னைக் கிளப்பிவிட்டது. ஒருநாள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்த நேரம், முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏட்டி, அந்தப் பத்தாங்கிளாஸ எப்படியாவது எழுதிப்போடு. பீரோ சாவிய ஒங்கையில கொடுத்துட்டு நான் நிம்மதியாப் போயிருவேன்."

"இனிமே எனக்கு எங்கன மண்டையில ஏறப்போகுது டீச்சர்?"

"எனக்கு மட்டும் ஏறியா இருக்கு? முப்பத்தஞ்சு மார்க்குதான கேக்குதான். எடுத்துக் குடுத்துட்டு வா."

அப்படித்தான் போய்ச் சேர்ந்தேன். மாடியறையில் என்னைப் போல ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். கற்றுக்கொடுத்தது ஓர் இளம்பெண், பி.எட். முடித்துவிட்டு அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் மிஸ் என்போம். அவள் எங்களை அக்கா, அண்ணாச்சி என்பாள். மரியாதையில் ஒரு குறையும் கிடையாது, ஆனால் திட்டுவதில் கூச்சம் பார்க்க மாட்டாள். "அக்கா, நான் சொல்லுதேன்னு தப்பா நெனைக்காதீங்க. இதே கணக்க நாலாவது தடவ தப்பாப் போடுதீங்க. எனக்கு அழுக வருது." எனக்கும்தான் வந்தது. ஆனால் நான் அழுதால் வகுப்பே நின்றுபோகும் என்பதால் அடக்கிக்கொள்வேன்.

எனக்கு முன்பெஞ்சில் ஓர் அண்ணாச்சி. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரூம்பாய். ஐம்பது தாண்டிவிட்டது, மூத்த மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. ஆனாலும் ரூம்பாய்தான். பத்தாவது பாஸ் பண்ணினால் வரவேற்பு மேசையில் உட்கார வைப்பதாக முதலாளி சொல்லியிருக்கிறாராம். ஆறு வருஷமாக எழுதுகிறார். கணக்கும் ஆங்கிலமும் பாக்கி. ஏப்ரலில் விட்டதை ஜூன், ஜூலையில் துணைத்தேர்வில் பிடித்துவிடலாம் என்று அரசாங்கம் ஒரு வழி வைத்திருக்கிறது. அது ஊரெல்லாம் செல்லும், குற்றாலத்தில் செல்லாது. ஏனென்றால் அப்போதுதான் சாரல், அருவியில் தண்ணீர் விழுந்து கூட்டம் குவிகிற சீசன். லாட்ஜில் ஒரு அறை காலியாகி ஈரம் காயுமுன் அடுத்த குடும்பம் துண்டும் எண்ணெயுமாக வந்து நிற்கும். அந்த இரண்டு மாத ஓட்டத்தில்தான் வருஷம் முழுக்கச் சாப்பிட வேண்டும். பரீட்சை என்று லீவு கேட்டால் முதலாளி சிரிப்பாராம். அண்ணாச்சியும் அந்த நேரத்தில் பரீட்சை எழுதுகிற ஆள் இல்லை. "அருவியில தண்ணி கொட்டுதப்ப நான் போய் பரீச்ச ஹால்ல உக்காந்தா மனசு எங்கன நிக்கும்?" என்பார். சாரல் முடிந்ததும் புது நோட்டு வாங்கிக்கொண்டு வந்து முதல் பாடத்திலிருந்து ஆரம்பிப்பார். முதல் பாடம் மட்டும் அவருக்குத் தலைகீழாகத் தெரியும்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கிற நேரம் வந்தது. தனித்தேர்வர் என்று பெயர் எங்களுக்கு. டிரங்குப் பெட்டியில் கிடந்த டி.சி.யையும் ஆதாரையும் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அக்கா, டீசியில ஒங்களுக்கு ரெண்டு வயசு கூட இருக்கே."

எனக்கு அது தெரியும். தெரிந்தும் மறந்துபோயிருந்தேன். எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவள். அக்காவுக்கு ஐந்து வயதானதும் பள்ளிக்கூடத்தில் சேர்க்கக் கூட்டிப் போனாள். எனக்கு அப்போது மூன்றுதான். என்னை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. அம்மா இலை வெட்டிக்கொண்டிருக்கும்போது நான் முறத்தில் உள்ள பீடித்தூளை அள்ளி வாயில் போட்டு ஒருமுறை மயங்கி விழுந்திருக்கிறேன். அதனால் என்னையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்த் தலைமையாசிரியர் முன்னால் நின்று, இதையும் சேத்துக்கிடுங்க சார் என்று கேட்டிருக்கிறாள். அவர் நல்ல மனுஷர். ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சரி இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதி, இருவருக்கும் ஒரே பிறந்த தேதியைப் போட்டுவிட்டார். பள்ளி திறக்கிற மாதத்துக்குத் தோதாக அவரே ஒரு தேதியைத் தேர்ந்துகொண்டார். அக்கா என்னைவிட ஒரு தலை உயரம். பார்வையிட வந்த அதிகாரி "இதுங்க ரெட்டையா?" என்று கேட்டபோது வகுப்பே "ஆமா சார்" என்று கத்தியது. எங்கள் ஊரில் அப்போது பால்வாடி கிடையாது. இருந்திருந்தால் நான் அங்கே தூங்கிக்கொண்டிருந்திருப்பேன்.

உண்மையில் நான் பிறந்தது ஐப்பசி அடைமழையில். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு ஆர்ச்சை மறைத்துக்கொண்டு விழுந்து, யாரையும் பக்கத்தில் விடாத வாரம் என்று அம்மா சொல்வாள். தேதி அவளுக்குத் தெரியாது. வீட்டில்தான் பிறந்தேன், எங்கேயும் பதியவில்லை. வேலையில் சேரும்போது டாக்டர் ஒருவர் பல்லையும் முகத்தையும் பார்த்து, அம்மா சொன்னதையும் கேட்டு ஒரு வயதுச் சான்று கொடுத்தார். அது ஏறக்குறைய சரி. ஆதாரிலும் பணிப் பதிவேட்டிலும் அந்தத் தேதிதான் இருக்கிறது.

மிஸ் விவரமானவள். "அக்கா, பத்தாவது சர்ட்டிபிகேட்ல ஏறிட்டா அப்புறம் அதுதான் எல்லாத்துக்கும். மாத்தணும்னா இப்பவே மாத்தணும்" என்றாள். மாற்ற முதலில் பிறப்புச் சான்று வேண்டும். பதியாத பிறப்பு என்பதால் அதற்கு முன்னால் ஏழெட்டுக் காகிதம். ஒரு நாள் அரை லீவு போட்டுக்கொண்டு அலுவலகத்துக்குப் போய் விசாரித்தேன். அங்கே இருந்தவர் பொறுமையாக ஒவ்வொன்றாகச் சொன்னார், நான் ஒவ்வொன்றாக மறந்தேன். எப்படியும் மாதக்கணக்கில் ஆகும் என்பது மட்டும் மண்டையில் நின்றது. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம், அதிலும் ஒரு பாடம் போனால் அதற்கடுத்த வருஷம். அதற்குள் டீச்சர் போய்விடுவார், புதுப்பெண் வந்துவிடுவாள்.

முதலில் பாஸ் பண்ணுவோம், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் எல்லாவற்றுக்கும் இதைத்தான் சொல்வோம். வீடு கட்டினாலும் சரி, பெண் கொடுத்தாலும் சரி, முதலில் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் என்று ஒன்று வரும்போது பார்க்கத் தெம்பு இருக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை.

பாவூர்சத்திரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டேன். அவள் சிரித்தாள்.

"போட்டும்ட்டி. இத்தன நாளா நான் ஒருத்திதான் மூத்தவளாக் கெடந்து சாவுதேன். நீயும் வந்து சேரு."

"வெளையாடாத. பின்னால எதும் வில்லங்கம் வந்தா?"

"ஒனக்கு என்ன வயசுன்னு எனக்குத் தெரியும்லா. வந்து சொல்லுதேன்."

அக்கா சொன்னால் எந்த ஆபீசில் எடுத்துக்கொள்வார்கள் என்று நான் கேட்கவில்லை. அவளும் அன்றைக்கு ஆயிரம் பீடி முடிக்க வேண்டியிருந்தது.

முதல் ஏப்ரலில் எல்லாப் பாடமும் எழுதினேன். அறிவியலுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் செய்முறைப் பயிற்சிக்குப் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக் குழாயில் அமிலத்தை ஊற்றும்போது கை நடுங்கவே இல்லை. கொதிக்கிற பருப்பை வாளி வாளியாக இறக்குகிறவளுக்கு இது என்ன. தமிழ், ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் நான்கும் தப்பித்தன. கணக்கில் இருபத்து நான்கு. மிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதுவே பெரிசு" என்றாள். எனக்கு அது ஆறுதலாகவே இல்லை, எரிச்சலாகத்தான் இருந்தது.

துணைத்தேர்வுக்குப் படித்ததை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு ஈரமாகிறது. சாரல் நேரம் வகுப்புக்குப் போகிற பஸ் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டத்தோடு வரும். தலை துவட்டாத பெண்கள், அரைக்கால் சட்டையில் சொட்டச் சொட்ட ஆண்கள், நேந்திரம் சிப்ஸ் பொட்டலங்கள். நான் நடுவில் நின்றுகொண்டு கணக்கு கைடைத் தலைக்கு மேலே பிடித்திருப்பேன். ஆனாலும் நனையும். எங்கிருந்தோ வந்த ஓர் அம்மாள் என் மேல் சாய்ந்துகொண்டு, "என்ன சுகமான ஊரு, நீங்கல்லாம் கொடுத்து வச்சவங்க" என்றாள். அந்த வருஷம் நான் ஒரு தடவைகூட அருவிக்குப் போகவில்லை. ஆமாங்க என்று சொல்லிவிட்டு வர்க்கமூலத்தைப் பார்த்தேன்.

முன்பெஞ்சு அண்ணாச்சி ஹால்டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே வேலை பார்த்தாராம். பரீட்சைக்கு வரவில்லை. நான் போய் எழுதினேன். முப்பத்தொன்று.

நான்கு மார்க். நான்கு மார்க்குக்காக ஒருத்தி எவ்வளவு அசிங்கமாக உணர முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மையத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அன்று முட்டை நாள். முப்பது முட்டையை உரித்து முடிக்கிறவரை தலையே நிமிரவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர், "விடு, போதும்" என்றார். அவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். விடிகாலையில் பாவூர்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போனால் மதியம்தான் வருவார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டுத்தான் சொன்னார். நானும் விட்டுவிடுவது என்றே முடிவு செய்தேன். மூன்று மாதம் வகுப்புப் பக்கம் போகவில்லை. சாயங்காலம் வந்ததும் பாயை விரித்துப் படுத்துவிடுவேன். அந்தத் தூக்கம் அவ்வளவு ருசியாக இருந்தது, அதை ஒளிப்பானேன்.

திரும்பவும் போனதற்குக் காரணம் படிப்பின் மேல் ஆசை அல்ல, கோபம்தான். ஒருநாள் மேற்பார்வைக்கு ஓர் அம்மா வந்தார். பிள்ளைகளைப் பாடச் சொன்னார். அவர்கள் மழைப்பாட்டை ஆட்டத்தோடு பாடினார்கள், அந்த ஆட்டம் எல்லாம் நான் கட்டியது. ஒரு வாண்டு நடுவில் என்னைப் பார்த்து அடுத்த அடி என்ன என்று கண்ணாலேயே கேட்டது. வந்தவருக்கு ஒரே சந்தோஷம். "யாரு சொல்லிக் கொடுத்தது? பிரமாதம்" என்றார். டீச்சர், "நான்தாம்மா" என்றார். நான் கரண்டியும் கையுமாக வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

அவர் போனபிறகு டீச்சர் என் பக்கம் வந்தார். "ஏட்டி, மனசுல வச்சுக்கிடாத. ஆயா சொல்லிக் கொடுத்தான்னு சொன்னா, அப்ப நீங்க என்ன செய்யுதீங்கன்னு என்னையலா கேப்பாங்க" என்றார். அவர் சொன்னது உண்மை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஆனாலும் அன்று சாயங்காலம் பாயை விரிக்கவில்லை. ஐந்தேகாலுக்கு மாடியறையில் போய் உட்கார்ந்தேன். மிஸ் பலகையிலிருந்து திரும்பிப் பார்த்தாள். "வாங்கக்கா, காரணிப்படுத்துதல்" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுவதும் கணக்கு ஒன்றே வேலை. எல்லாவற்றையும் படிக்கச் சொல்லாமல், எனக்கு வருகிறதை மட்டும் பொறுக்கிக் கொடுத்தாள் மிஸ். வரைபடம் ஒன்று, வடிவியல் ஒன்று, இரண்டும் கட்டாயம் வரும், கோடு போடத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டிவிடலாம் என்றாள். நான் பிள்ளைகள் தூங்கும் நேரத்தில் மையத்தின் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் முக்கோணம் வரைந்து பழகினேன். எழுந்து வரும் பிள்ளைகள் அதன்மேல் பாண்டி ஆடும். மறுபடி வரைவேன். வயிற்றெரிச்சலில் எத்தனை முறை வரைந்தேன் என்று தெரியாது, பரீட்சையில் அந்த முக்கோணத்தைக் கை தன்னால் போட்டது.

மறு ஏப்ரலில் எழுதியதற்கு முப்பத்தெட்டு வந்தது. மிஸ்தான் செல்போனில் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள். என் அம்மா இருந்திருந்தால்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. சரி மிஸ், ரொம்ப நன்றி மிஸ் என்றுவிட்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். இரண்டு வருஷ அசதியும் சேர்ந்து வந்து காலைப் பிடித்தது. வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்தார். அக்கா போனில், "பத்தாவது பாஸ் அம்மா, நல்லா இருக்கீங்களா" என்று நக்கலடித்தாள். அண்ணாச்சிக்கு நானே போன் செய்தேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். "இந்த வருஷம் சாரல் முடியட்டும் தாயி, நானும் ஒரு கை பாத்துருதேன்" என்றார். பின்னால் யாரோ தண்ணீர் வாளி கேட்கிற சத்தம் வந்தது, வைத்துவிட்டார்.

சான்றிதழை வாங்கிக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனேன். டீச்சர் அந்த மாத முடிவில் போகிறார். எங்கள் வட்டாரத்தில் என்னைவிட மூத்த உதவியாளர்களில் பத்தாவது தேறியவர்கள் யாரும் மிச்சமில்லை, எனக்குத்தான் கிடைக்கும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். மேசையில் இருந்த கிளார்க் வயதானவர், நிதானமானவர். என் பணிப் பதிவேட்டை எடுத்துச் சான்றிதழின் பக்கத்தில் வைத்தார். இரண்டு தேதியிலும் விரலை வைத்தார். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"ரெண்டுலயும் பிறந்த தேதி வேற வேறயா இருக்கேம்மா."

"ஆமா சார். பள்ளிக்கூடத்துல கூட்டிப் போட்டுட்டாங்க. இதுல இருக்கதுதான் சார் சரி" என்று பதிவேட்டைக் காட்டினேன்.

"இருக்கலாம்மா. ஆனா பத்தாவது சர்ட்டிபிகேட்டுன்னு ஒண்ணு வந்துட்டா அதைத்தான் எடுக்கணும். பதிவேட்டுலயும் அந்தத் தேதியத்தான் திருத்தணும். அப்பத்தான் ஃபைல் போகும்."

"அப்படின்னா சார்?"

"அப்படின்னா நீங்க ரெண்டு வருஷம் முந்தி ரிட்டயர்டு ஆவீங்க."

சான்றிதழைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனால் வயது அப்படியே இருக்கும், நானும் ஆயாவாக அப்படியே இருப்பேன். கொடுத்தால் டீச்சர், ஆனால் இரண்டு வருஷம் போய்விடும். சான்றிதழில் தேதியைத் திருத்த வழியே இல்லையா என்று கேட்டேன். கோர்ட்டு வழியாகப் போகலாம், எத்தனை காலம் ஆகும் என்று சொல்ல முடியாது, அதுவரை அந்த இடம் காத்திருக்காது என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. தலைமையாசிரியர் மேலும் வரவில்லை, அவர் ஒரு குழந்தையைப் பீடித்தூளிலிருந்து காப்பாற்றியவர். அம்மா மேலும் வரவில்லை. யார் மேலும் கோபப்பட முடியாமல் நிற்பது எனக்குப் பழக்கமில்லாத விஷயம். பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வருஷம் முன்னாலேயே வீட்டில் போய்ப் படுக்கலாமே என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு இனித்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. உழைத்து வாங்கியதையும் இழந்ததையும் ஒன்றாகப் பார்க்கிற அளவுக்குக் களைத்துப்போயிருந்தேன்.

எழுந்து போய், "கொடுத்துருதேன் சார்" என்றேன்.

"அப்ப ஒரு லெட்டர் வேணும்மா. சர்ட்டிபிகேட்ல உள்ளதுதான் என் உண்மையான பிறந்த தேதி, வேலையில சேரும்போது கொடுத்தது என் தவறு, திருத்திக்கிட சம்மதம்னு எழுதணும். வெளிய எழுதித் தர ஆள் இருப்பாங்க."

"நானே எழுதுதேன் சார்."

ஒரு வெள்ளைத்தாள் வாங்கினேன். அனுப்புநர், பெறுநர், பொருள், ஐயா என்று வரிசையாகப் போட்டேன். ஓரம் விட்டு, பத்தி பிரித்து எழுதினேன். நான் பிறந்தது அக்காவுக்கும் எனக்கும் தலைமையாசிரியர் போட்ட அந்தத் தேதியில்தான் என்று எழுதினேன். அம்மா சொன்ன மழையும் வெள்ளமும் நான் தவறாகக் கொடுத்த தகவல் என்று எழுதினேன், அந்தச் சொற்களில் இல்லாவிட்டாலும் அர்த்தம் அதுதான். ஓரிடத்திலும் அடிக்கவில்லை, திருத்தவில்லை.

கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதையும் படித்தார். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எவ்வளவு தெளிவா எழுதியிருக்கீங்க. இங்க வர்றவங்க யாரும் இப்படி எழுதுறதில்ல. கையெழுத்துப் போட்டுருங்க டீச்சர்."

என்னை அப்படிக் கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.